எங்கள் அலுவலகத்திலேயே ஆர்க்கிடெக்ட் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, கோவையிலிருந்து வணக்கம்.

"வீட்டு பிளானை வெளியே போட்டுக்கறோம், நீங்க கட்டிக் குடுத்தாப் போதுங்க" என்று பலர் கேட்கிறார்கள். அப்படியும் கட்டித் தருகிறோம். ஆனாலும் ஆர்க்கிடெக்டைச் சம்பளத்துக்குக் கூடவே வைத்திருக்கிறோம். அதனால் உங்களுக்கு என்ன லாபம் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

மாடிப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த் தரையிலிருந்து மேல் தரைக்குப் பத்தரை அடி. ஏழு அங்குல உயரம் வைத்தால் 18 படி. நடுவில் லேண்டிங் விட்டு ஒன்பது ஒன்பதாக ஏறலாம். பில்லர் எழும்பும் நேரத்தில் வீட்டுக்காரர், "ஹால் இன்னும் ஒரு அடி உசரமா இருக்கட்டுமே" என்கிறார். நியாயமான ஆசைதான். ஆனால் இப்போது 20 படி வேண்டும். பக்கத்துக்கு ஒரு படி கூடினால் படிக்கட்டு இடம் பத்து அங்குலம் நீள வேண்டும். அது அடுத்திருக்கும் பாத்ரூமிலிருந்துதான் வர வேண்டும். அங்கே பில்லர் நின்றுவிட்டால் அதற்கும் வழியில்லை. 18 படியிலேயே சமாளித்து, ஒவ்வொன்றையும் ஏழே முக்கால் அங்குலத்துக்கு நெருக்கமாக உயர்த்திவிடுவார்கள். முட்டி வலியுள்ள அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

வரைந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் இதையெல்லாம் சைட்டில் மேஸ்திரியே முடிவு செய்ய வேண்டியதாகிவிடும். எங்களிடம் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கும் முன்பே படம் திருத்தப்பட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து, எவ்வளவு செலவு கூடும் என்பதும் உங்களுக்கு வந்துவிடும்.

அப்புறம், மனையில் நின்று பார்க்காமல் நல்ல பிளான் வராது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே மேற்கிலிருந்து வருகிறது. மேற்குச் சுவரை அடைத்தால் அந்தக் காற்று போச்சு. திறந்தாலோ சாய்ந்து விழும் மாலை வெயிலுக்குச் சன்ஷேட் மட்டும் போதாது, பக்கவாட்டு மறைப்போ, துளைகளுள்ள சுட்டமண் தடுப்பான டெரகோட்டா ஜாலியோ வேண்டும். கரிசல் மண் என்றால் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மண் பரிசோதனை பார்த்துத்தான் கடைக்கால் ஆழத்தைச் சொல்ல முடியும்.

அனுமதி விஷயமும் உண்டு. விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்றுத் திட்டம் 2024-இல் தமிழ்நாட்டில் வந்தது. அதில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் மட்டுமோ, அதன்மேல் ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் விதிப்படி கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. யாரிடம் பிளான் போட்டாலும், ஆர்க்கிடெக்ட் என்று சொல்பவரிடம் ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள்; 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

"உங்ககிட்ட சம்பளம் வாங்கறவர் உங்க பக்கம்தானே பேசுவார்?" இது கேட்க வேண்டிய கேள்வி. அதனால்தான் படங்களையும், கம்பி, சிமென்ட் முதல் டைல்ஸ் வரையிலான அளவுப் பட்டியலையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கையில் கொடுக்கிறோம். வெளி இன்ஜினியரிடம் காட்டுங்கள். தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டியதைப் பார்க்கவும் அவரைக் கூட்டி வாருங்கள். பிளான் இலவசம் என்று நாங்கள் சொல்வதில்லை, சொன்னால் அது சதுர அடி விலைக்குள் ஒளிந்திருக்கும். கட்டணத்தைத் தனியாகவே எழுதுகிறோம். கட்டுவது வேறொருவர் என்றாலும் படம் உங்களுடையதுதான்.

பேச வரும்போது பத்திர நகல், பட்டா, மனையின் அளவுகளைக் காட்டும் புலப்பட (FMB) நகல் கொண்டு வாருங்கள். வீட்டில் சமைப்பவரும் பெரியவர்களும் கூட வந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் கட்டுமான நிறுவனத்தார்