பாப்பா வருவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். கத்திரி பிறக்கவே இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சத்துவாச்சாரி மலையடிவாரம் என்று பேர்தான், ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியவில்லை. பாப்பாவை லீவுக்கு எங்களிடம் விடுவதாக நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீ போனில் அனுப்பிய பட்டியலைப் படித்தேன். மண்ணில் விளையாடக் கூடாது, நாய் பக்கம் போகக் கூடாது, தொட்டதற்கெல்லாம் சானிடைசர், மீறினால் ‘ஊசி போட்டுவிடுவார்கள்’ என்று சொல்லுங்கள். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். சுகாதார ஆய்வாளர் வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிடு.

காட்பாடி ஜங்ஷன் கூட்டத்தில் பாப்பா கை நழுவிவிட்டால் யாரிடம் போக வேண்டும்? காக்கிச் சட்டையிடம். சாப்பிடாத பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.’ உதவிக்கு ஓட வேண்டிய ஆட்களையெல்லாம் நாமே பூச்சாண்டி ஆக்கி வைத்திருக்கிறோம். டாக்டரும் அப்படித்தான், ஊசியும் அப்படித்தான். பயந்த பிள்ளை ஒழுங்காக இருக்காது, மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

நாய் விஷயத்தையே எடுத்துக்கொள். கடித்தால் ரத்தம் வரும், வீட்டுக்குத் தெரிந்துவிடும். கீறல்தான் ஆபத்து. குட்டி நாயோடு விளையாடும்போது பல் லேசாகப் பட்டிருக்கும். சொன்னால் அடி விழும், ஊசி போடுவார்கள் என்று பிள்ளை பாவாடையை இழுத்து மூடிக்கொள்ளும். சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஒரு ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். காயம் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போடுவார்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வந்தவர்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை கட்டியது. பாப்பாவிடம் நான் சொல்லப்போவது ஒன்றுதான்: நாய் பல்லோ நகமோ பட்டால் ஓடி வந்து சொல், தாத்தா திட்டமாட்டேன், முதலில் குழாயடிக்குப் போவோம்.

சானிடைசரைப் பைக்குள்ளேயே வை, ரயிலில் உதவும். மண் அப்பிய கையில் அது வேலை செய்யாது, புழு முட்டையையும் ஒன்றும் செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். தோட்டத்துக் குழாயில் வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டு, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டிவிட்டேன். பாதி பிள்ளைகள் கை கழுவாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, எட்டாததுதான். பள்ளிக்கூடங்களுக்குச் சோதனைக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது குழாயின் உயரத்தை. வந்த அன்றைக்கே ஒரு வேடிக்கை காட்டப்போகிறேன். தேங்காய் எண்ணெயில் கரித்தூளைக் குழைத்து அவள் உள்ளங்கையில் தடவுவேன். வெறும் தண்ணீரில் கழுவினால் கறுப்பு அப்படியே நிற்கும். சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை தேய்த்தால் போய்விடும், ஆனால் நக இடுக்கிலும் கட்டைவிரல் அடியிலும் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அவளே கண்டுபிடிக்கட்டும். குடற்புழு மாத்திரை பள்ளியில் கொடுத்தார்களா என்று கேட்டுச் சொல், வருஷத்துக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டியது.

மண்ணில் விளையாடட்டும். செருப்போடு விளையாடட்டும்.

கொசுவுக்கு மட்டும் அவளுக்கு உத்தியோகம் கொடுக்கப்போகிறேன். வாரம் ஒரு நாள் அவள்தான் இந்த வீட்டு டி.பி.சி. ஆள், வீடு வீடாக வந்து கொசுப்புழு தேடுவார்களே, அவர்கள் மாதிரி. கையில் டார்ச், பின்னால் நான். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி, உன் அம்மா எதற்காகவோ பத்திரப்படுத்தும் உடைந்த வாளி. (அந்த வாளியை எறிய நான் எடுத்த முயற்சி எதுவும் இதுவரை பலிக்கவில்லை. பேத்தி சொன்னால் கேட்பாள்.) புழு கிடைத்தால் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலில் வைத்துக் காட்டுவேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு, தலை கீழே, வால் நுனி மேலே தண்ணீர்ப் பரப்பைத் தொட்டபடி சாய்ந்து தொங்கும். வாலில் இருக்கும் குழாய் வழியாகத்தான் மூச்சு. மலேரியாக் கொசுவின் புழு அப்படித் தொங்காது, மேல்பரப்போடு படுத்தாற்போல இருக்கும். தம்ளரை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் நெளிந்துகொண்டு கீழே ஓடும், மூச்சு முட்டியதும் ஒவ்வொன்றாக மேலே வரும். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்தால் சாப்பாட்டையே மறந்துவிடும். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த வேலை என்னுடையது.

உன் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், சங்கடப்படாதே. உடம்பின் எல்லா உறுப்புக்கும் பேர் சொல்லிக் கொடு. பேர் தெரியாத பிள்ளையால் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. ஜட்டி மறைக்கும் இடத்தை யாராவது தொட்டாலோ, ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்றாலோ, உடனே வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லி வை. போக்சோ சட்டம் 2012இல் வந்தது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், எல்லாம் சரி. ஆனால் பிள்ளை வாயைத் திறந்தால்தானே சட்டம் வேலை செய்யும். உறவுக்காரர்கள் வந்தால் ‘மாமாவுக்கு முத்தம் கொடு’ என்று யாரும் அவளைத் தள்ளக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு இது கொஞ்சம் கஷ்டம், நான் பேசிவிட்டேன்.

அடுத்தது பாலாறு. பாப்பாவை ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போவேன், பாலத்து மேலே நின்று பார்க்க மட்டும். 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியதை நீயும் வீடியோவில் பார்த்தாய். மற்ற காலமெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். மணல் அள்ளிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது, அதில் இறங்க விடமாட்டேன். இந்த ஆறு பிறப்பது உங்கள் பெங்களூருக்குப் பக்கத்தில், நந்தி மலையில். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயம் பார்க்கப் போகிற அதே மலை. அவளுக்கு அங்கே ஒரு முறை காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வா. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு நாங்கள் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம் என்று சொன்னால் ‘ஏன் தாத்தா’ என்று நிச்சயம் கேட்பாள்.

பாலாற்றில் விட்ட தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. அப்போது நமக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பேர், நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். மாசு செய்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சாரம். தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டார்கள். நாடு முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் நம்ம ஊர் பேரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். பாப்பாவுக்கு இவ்வளவும் வேண்டாம். பாலைச் சிந்தினால் துணி எடுத்து அவளே துடைக்கட்டும், அந்தத் தீர்ப்பு அவள் அளவுக்கு அவ்வளவுதான். அம்மா குறுக்கே வந்து துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

குப்பையில் மக்கும், மக்காத என்று இரண்டு வாளி வைத்திருக்கிறோம். ‘பூமித்தாயைக் காப்போம்’ என்று படம் வரையச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில் வண்டி கொண்டுவரும் அக்காவிடம் வாளியை அவளே கொடுக்கட்டும். உடைந்த கண்ணாடியை ஏன் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று அந்த அக்காவின் கையைப் பார்த்தால் புரிந்துவிடும். அவரை ‘குப்பைக்காரம்மா’ என்று இந்த வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை, அதையும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா.

தடுப்பூசி அட்டையை மறக்காதே, ஐந்து வயதுக்கு உரியது போட்டாயிற்றா என்று பார். தொப்பியும் பருத்திச் சட்டையும் வை, அந்த நைலான் கவுன்கள் இங்கே ஆகாது. மாப்பிள்ளைக்கு முள்ளுக்கத்தரி பிடிக்கும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். எந்த வண்டி என்று சொல், காட்பாடிக்கு நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா