மூன்று முறை சர்வீஸ் செய்தும் ஓடும்போது அணைந்துபோகும் கார்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: சோதிக்காமலே பாகங்களை மாற்றி மூன்று முறை கட்டணம் வாங்கியது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என்னுடைய கார் 30 ஆண்டு பழையது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பிளக்குக்கான பொறியை உண்டாக்கும் ஒரு காயில், அந்தப் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் சின்ன சுவிட்சான பாயிண்ட், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஏதும் கிடையாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துபோகிறது என்று உங்கள் சர்வீஸ் மையத்துக்கு மூன்று முறை கொண்டுவந்தேன். மூன்று முறையும் பணம் கட்டினேன். கடைசியில் பழுதை நானே வீட்டு வாசலில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். மாற்ற வேண்டியிருந்தது ஒரு சாண் கூட இல்லாத வயர்.

முதல் முறை வந்தபோது நான் சொன்னதை அப்படியே மறுபடி சொல்கிறேன். சீரான வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போதுதான் நிற்கிறது. சிக்னலில் மிதிக்காமல் ஐடிலிங்கில் இருக்கும்போது அணைவதில்லை, மேட்டில் முழுசாக மிதித்து ஏறும்போதும் அணைவதில்லை. நிற்கும்போது இழுத்து இழுத்து நிற்காது, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி அணையும். ஓரம் கட்டி செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். இத்தனையும் கேட்டுவிட்டு உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் எழுதியது இரண்டே சொல்: “ஸ்டார்ட்டிங் பிரச்சினை”. ஸ்டார்ட் ஆவதில் இந்த வண்டிக்கு எந்தப் பிரச்சினையும் இருந்ததே இல்லை.

அந்த முறை காயில், பிளக், பிளக் வயர், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றினீர்கள். நான்காம் நாள் மறுபடி நின்றது. பின்னால் லாரி. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக் மிதி இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பிறகு கல்லாகிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் முறை, “அப்போ பெட்ரோல்தான் வரவில்லை” என்று பியூவல் பம்ப்பை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தீர்கள். பெட்ரோல் பற்றாமல் நிற்கிற வண்டி திக்கித் திணறித்தான் நிற்கும். இதை முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆனால் ஆச்சரியம், அதன் பிறகு இரண்டு வாரம் வண்டி ஒரு தடவை கூட நிற்கவில்லை. பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடித்தது. நன்றி சொல்லக்கூட நினைத்தேன்.

மூன்றாம் முறை வந்தது அந்தப் பெட்ரோல் செலவைச் சொல்லத்தான். உங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய் (எஞ்சினின் உறிஞ்சலால் பாயிண்ட் தட்டைத் திருப்பி, பொறி விழும் நேரத்தை முன்தள்ளுவது) கழன்று கிடப்பதைப் பார்த்து மாட்டிவிட்டார். போன முறை கார்புரேட்டரை மாட்டும்போது விட்டுப்போனது அது. சரி, நடப்பதுதான். மறுநாள் காலையே வண்டி பழையபடி அணைந்தது.

குழாய் கழன்றிருந்தால் நிற்பதில்லை, மாட்டினால் நிற்கிறது. பழுது எங்கே இருக்கிறது என்று வண்டியே சொல்லிவிட்டது. தொலைபேசியில் இதைச் சொன்னேன். “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நானே இறங்கினேன்.

காயிலின் பிளஸ் முனையிலிருந்து ஒரு வயர் இழுத்து டாஷ்போர்டில் சின்ன பல்ப் ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டினேன். அடுத்த முறை அணைந்தபோது பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. அதாவது இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ், காயில் வரை வரும் வயரிங் எல்லாம் சரி. ஆனால் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, எஞ்சின் சுழல்கிறது, முள் மட்டும் படுத்துவிட்டது. பெட்ரோல் இல்லாமல் நின்றால் முள் எஞ்சின் வேகத்தோடுதான் இறங்கும். இந்த வண்டியின் ஆர்பிஎம் மீட்டர் காயிலின் மைனஸ் முனையில் பாயிண்ட் விட்டுவிட்டுத் தரும் துடிப்பை எண்ணுவது. அந்தத் துடிப்பே நின்றிருக்கிறது. காயில் புதிது, மல்டிமீட்டரில் சூடாக இருக்கும்போதும் 3 ஓம் காட்டியது. (நீங்கள் தேவையில்லாமல் மாற்றிய காயில் இந்த வகையில் எனக்கு உதவியது.) மிச்சம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருப்பதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும், உள்ளே சுழலும் ரோட்டாரையும் எடுத்தேன். பாயிண்ட் சுத்தம், இடைவெளி சுமார் 0.4 மி.மீ., எர்த்தும் சரி. வெளி முனையிலிருந்து பாயிண்டுக்குப் போகும் சின்ன வயரில் மீட்டரை வைத்தேன், இணைப்பு இருந்தது. அப்புறம் வேக்குவம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பியது, மீட்டரில் இணைப்பு போய்விட்டது. உறிஞ்சுவதை விட்டேன், திரும்ப வந்தது. பத்து முறை செய்தாலும் அதே கதை.

லேசாக மிதித்துப் போகும்போதுதான் அந்தக் குழாயில் வேக்குவம் நன்றாக ஏறும், தட்டு திரும்பும், வயர் இழுபடும். உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோயிருந்தன. ஐடிலிங்கிலும் முழு மிதியிலும் தட்டு திரும்புவதில்லை, அதனால் இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நின்ற வண்டி உடனே ஸ்டார்ட் ஆனதும் இதனால்தான். உங்கள் பட்டறையில் எப்போது பார்த்தாலும் வண்டி நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரே ஒரு முறை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். யாரும் ஓட்டவில்லை. மூன்று ஜாப் கார்டிலும் “டெஸ்ட் டிரைவ்” என்ற கட்டத்தில் டிக் மட்டும் இருக்கிறது, கிலோமீட்டர் எண் உள்ளே விட்டபோது என்னவோ வெளியே எடுக்கும்போதும் அதேதான்.

வளையும் தன்மையுள்ள புது வயர் போட்டேன். குழாய் மாட்டியே இருக்கிறது. ஒரு மாதமாக வண்டி நிற்கவில்லை.

நான் கேட்பது இதுதான். பாயிண்ட், கண்டென்சர், பிளக் ஆகியவை தேய்கிற பாகங்கள், எப்படியும் மாற்றியிருக்க வேண்டியவை, அவற்றுக்கான பணம் உங்களுக்கே. காயில், பிளக் வயர், பியூவல் பம்ப் ஆகியவற்றின் விலையையும் மூன்று முறைக்கான கூலியையும் திருப்பித் தர வேண்டும். கழற்றிய பழைய காயில் எனக்கு வேண்டும். அது வண்டியோடு வந்தது, நல்ல நிலையில் இருந்தது, என்னைக் கேட்காமல் எடுத்து வைத்திருக்கிறீர்கள். என் வண்டிப் பதிவில் “பழுது சரிசெய்யப்பட்டது” என்று மூன்று இடத்தில் இருப்பதைத் திருத்த வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன். மூன்று ஜாப் கார்டுகள், ரசீதுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன். அறுந்த வயர் என்னிடம் ஓர் உறையில் இருக்கிறது. உங்கள் மெக்கானிக் மீட்டரோடு வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்