கயிறு விழுந்த வயல்

நீடாமங்கலம்,
மாசி 9

டேய் மாப்ளே,

ஏழு மாசமாகக் கடிதம் இல்லை என்று ஆரம்பிக்காதே. நீ மட்டும் என்ன கிழித்தாய்? அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒட்டடைக்குச்சிக்குப் பேரன் பிறந்திருக்கிறான், அவனும் குச்சிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் என் வயலில் பயிர் அறுவடைப் பரிசோதனை, அதாவது கயிறு கட்டி ஒரு சதுரத்தை மட்டும் அறுத்து எடை போட்டு மகசூலைக் கணிப்பது. முப்பது வருஷம் விஏஓவாக ஊரார் வயலில் கயிறு பிடித்தவன், இந்தத் தடவை என் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குலுக்கலில் நம் ஆறு மா நிலத்தின் சர்வே எண் வந்துவிட்டது.

முந்தின ராத்திரியே தெருவில் நாலு பேர் வந்துவிட்டார்கள். "அண்ணே, வடகோடியில போடச் சொல்லுங்க, தண்ணி நின்ன இடம்." ஊருக்கு நாலு அறுப்புதான். அந்த நாலின் சராசரி, உத்தரவாத மகசூலுக்குக் கீழே இறங்கினால்தான் காப்பீட்டுப் பணம். கார்த்திகை மழையில் பாதி ஊர் மூழ்கியது நிஜம். என் வயல் மேட்டு வயல் என்பதும் நிஜம்.

அறுப்பை நடத்த வந்தது ஒரு சின்னப் பெண். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் உறுமிக்கொண்டு நிற்கிறது, விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ. அவள் அவசரப்படவில்லை. தென்மேற்கு மூலையிலிருந்து சீட்டில் இருந்த எண்படி அடி வைத்து எண்ணி முளை அடித்தாள். நான் மெல்ல வடகோடியைக் காட்டினேன் மாப்ளே. ஆமாம், காட்டினேன். "சார், நீங்களேவா?" என்றாள். அதோடு சரி.

ஐந்துக்கு ஐந்து மீட்டர், 25 சதுர மீட்டர். அதில் கிடைக்கிற நெல்லை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு. கயிறு நாலு பக்கமும் பத்து சென்டிமீட்டர் வெளியே தள்ளினால் போதும், 27 சதுர மீட்டராகி நூற்றுக்கு எட்டு ஏறிவிடும். சின்னச் சதுரம் போட்டால் ஓரத்து நெற்குத்து உள்ளே வந்து மகசூல் ஊதிக்காட்டும் என்று 1940களில் புள்ளியியல்காரர் சுகாத்மே இன்னொரு புள்ளியியல்காரர் மகலனோபிஸோடு மல்லுக்கு நின்ற கதையை ஹாஸ்டலில் நீ விடிய விடியக் கத்துவாயே, அதைக் கண்ணால் பார்த்தேன். கயிற்றில் பட்ட ஒவ்வொரு குத்தையும் அவள் குனிந்து வேர் எந்தப் பக்கம் என்று விரலால் விலக்கிப் பார்த்தாள்.

11.4 கிலோ. ஹெக்டேருக்கு 4,560.

மறுநாள் டீக்கடையில் யாரும் பேசவில்லை. கடைக்காரன்தான் டம்ளரை வைத்துக்கொண்டே, "அண்ணனுக்குப் பென்ஷன் வருதுல்ல" என்றான்.

இப்போது உன்னோடு சண்டை. விவசாயப் புள்ளிவிவரத்தைச் சீராக்கும் உலக உத்தியை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2010-இல் ஏற்றதிலிருந்து, நீயும் உன் கூட்டாளிகளும் நாடு நாடாகப் போய் அந்தந்த நாட்டுப் புள்ளிவிவரத்தை எடை போடுகிறீர்கள். நிறுவன அமைப்பு, வளம், முறைகள், கிடைக்கும் தகவல் என்று நாலு தலைப்பு, பக்கம் பக்கமாகக் கேள்வி. சட்டம் இருக்கிறதா, பட்ஜெட் இருக்கிறதா, கம்ப்யூட்டர் எத்தனை? கயிறு பிடிப்பவன் அன்று யாருக்குப் பயந்தான் என்று ஒரு வரி உண்டா? இங்கே காப்பீடு எண்ணைக் கீழே இழுக்கிறது. 'சாதனை விளைச்சல்' என்று அறிவிக்க ஆசைப்படும் இடத்தில் மேலே இழுக்கும். நடுவில் அந்தப் பெண்.

ஆப்பிரிக்காவில் பல இடங்களில் விவசாயியின் ஞாபகத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறோம், உங்களுக்கு ஊருக்கு ஊர் அடங்கல், எந்த வயலில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு, இருக்கிறதே என்று ஒருமுறை பொறாமைப்பட்டாய். அந்த அடங்கலை நான் எப்படி எழுதினேன் தெரியுமா? பரப்பைப் பெருக்கு மகசூலால் என்றால்தானே உற்பத்தி? அந்தப் பரப்பு, பல பசலி ஆண்டுக் கணக்கில், என் வீட்டுத் திண்ணையில் விளைந்தது. போன வருஷக் கணக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு 'மேற்படி, மேற்படி' என்று இறக்கிக்கொண்டே போவேன். ஒருத்தன் வாழை போட்டிருந்தான், மூன்று வருஷம் அவனுக்கும் நெல்தான். நாலு கிராமத்துக்கு ஒருத்தன், சான்றிதழ், நிவாரணம், தேர்தல் வேலை என்று காரணம் நிறைய வைத்திருந்தேன். இன்றைக்கும் அதில் பாதியை நம்புகிறேன்.

2024 நவம்பரில் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைப் போனும் கையுமாகச் சேற்றில் இறக்கிவிட்டார்கள், டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு. வயலில் நின்றால்தான் படம் ஏறுமாம். திண்ணைக்கு வேலை போச்சு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பாம்பு பயம், நமக்கு ஆள் பயம்.

மீதி மூன்று அறுப்பில் ஒன்று கீழத்தெரு வயலில், திங்கட்கிழமை. தண்ணீர் நின்ற இடம்தான், பாதி பதர். கயிற்றின் மறுமுனை பிடிக்க ஆள் இல்லை, வருகிறீர்களா சார் என்று அந்தப் பெண் போன் பண்ணினாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரனும் வருகிறானாம், பார்க்க.

பங்குனிக்கு வந்துவிடு.

உன் ஹாஸ்டல் நண்பன்,
'இருபத்தெட்டாம் பக்கம்'