ரசாயனம் பிடித்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

இங்கே சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) படிக்கும் என் அண்ணன் மகள், “ரசாயனம் பிடிக்கும், அதனால் ரசாயனப் பொறியியல் எடுக்கப்போகிறேன் சித்தப்பா” என்றாள். ஆலையில் இருபது ஆண்டு வேலை பார்த்த எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. இந்தப் படிப்பில் சோதனைக் குழாயைவிடக் கணக்குதான் அதிகம். கலனுக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, வெப்பம் எங்கே போகிறது, குழாயில் அழுத்தம் ஏன் குறைகிறது என்று நாலு வருடமும் இதுதான் ஓடும். கணிதமும் இயற்பியலும் கசந்தால் வேதியியல் பட்டமே மேல்.

சரி, வேலை? 1961ல் புக்கோம் தீவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. அப்புறம் ஏழு தீவுகளை இணைத்து, எண்ணெய், ரசாயன ஆலைகளுக்காக ஜூரோங் தீவு உருவானது. ஆனால் எண்ணெயை மட்டும் நம்பிப் போக வேண்டாம். துவாஸ் மருந்து ஆலைகள், கணினிச் சில்லு ஆலைகள், கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தத் தரும் நியூவாட்டர் நிலையங்கள் என்று பல இடங்களிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. ஷிப்ட் வேலையும் உண்டு. தீபாவளியன்று கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றவன் நான்.

பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) வழியாக வந்தவர்கள் பம்பையும் வால்வையும் முன்னரே தொட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த வழியை மட்டமாக நினைக்கும் பெற்றோரைத்தான் எனக்குப் புரியவில்லை.

சேர்வதற்கு முன், மூத்த மாணவர் ஒருவரிடம் இரண்டாம் ஆண்டுப் பாடப்புத்தகத்தை வாங்கி ஒரு மாலை புரட்டிப் பாருங்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்