உலகப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிற்றூர்த் திரைப்படச் சங்கங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரையிடல்களுக்குக் கூட்டம் குறைந்துபோனதற்குக் கைப்பேசியும் ஓடிடியும்தான் காரணம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அது உண்மைதான். ஆனால் எங்கள் ஊர்த் திரையிடல்களுக்குத் தொடர்ந்து போகிறவன் என்ற முறையில் இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். படங்கள் ஈரானிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகின்றன. திரையின் அடியில் ஓடும் சப்டைட்டிலோ ஆங்கிலம். அந்த வேகத்துக்கு ஆங்கிலம் வாசிக்க முடியாதவர்கள் ஒருமுறை ஆசையாக வருகிறார்கள், அப்புறம் வருவதில்லை.

ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) திரையிட்ட மாலையைச் சொல்கிறேன். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அலி, அதை வீட்டில் சொல்ல முடியாத வறுமையில், தன் ஷூவையே அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். இதுவரைக்கும் யாருக்கும் எந்த மொழியும் தேவைப்படவில்லை. பிறகு ஓட்டப்பந்தயம் வருகிறது. மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ. மூன்றாவதாக வரத்தான் அலி ஓடுகிறான். ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாட, அவன் கண்ணில் நீர் முட்டி நிற்கிறது. என் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையன் ஜெயித்ததும் கைதட்டியவர், என் பக்கம் திரும்பி, “ஜெயிச்சிட்டாம்ல, பெறகு எதுக்குய்யா அழுதான்?” என்று கேட்டார். மூன்றாம் பரிசு என்ன என்று சொன்ன வரி எப்போதோ ஓடி மறைந்திருந்தது. அந்த ஒரு வரி போனதில் அவருக்குப் படத்தின் உயிரே போய்விட்டது. நான் காதோடு சொன்னதும் “அடப் பாவமே” என்றார். அதற்குள் படம் முடியப் போகிறது. அவர் அறியாமல் போனது ரசனைக் குறைவால் அல்ல.

‘சினிமாவுக்கு மொழி தேவையில்லை’ என்று நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். சாப்ளினின் மௌனப் படங்களுக்கு அது பொருந்தும். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ரஷோமான்’ (1950) படத்துக்கு எப்படிப் பொருந்தும்? நடந்த ஒரே சம்பவத்தைக் கொள்ளைக்காரன் ஒரு மாதிரியும், அந்தப் பெண் ஒரு மாதிரியும், செத்துப்போன அவள் கணவனின் ஆவி ஒரு மாதிரியும், விறகுவெட்டி வேறு மாதிரியும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது புரியாவிட்டால் அங்கே என்னதான் மிஞ்சும்?

பக்கத்திலேயே வழி இருக்கிறது. கேரளத்தில் ‘எம்சோன்’ என்ற தன்னார்வக் குழு 2012-லிருந்து ஆயிரக்கணக்கான உலகப் படங்களுக்கு மலையாளத்தில் சப்டைட்டில் எழுதியிருக்கிறது. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற கிராமத்தில் கே.வி. சுப்பண்ணாவின் ‘நீநாசம்’ என்ற நாடக அமைப்பு, 1970-களிலேயே ஊர் மக்களை உட்காரவைத்து உலகப் படங்களைக் காட்டியது. கிராமத்தார் அவற்றைப் பார்ப்பார்களா என்ற சந்தேகத்துக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

வேலையும் மலைக்கிற அளவுக்குப் பெரியதல்ல. சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் எண், அது தோன்றி மறையும் நேரம், அதன்கீழ் வசனம். நோட்பேடிலேயே திறக்கலாம். எண்ணையும் நேரத்தையும் தொடாமல், ஆங்கில வரி இருக்கும் இடத்தில் தமிழை எழுதி, தமிழ் எழுத்தைச் சிதையாமல் வைத்திருக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் சேமித்தால் போதும். இதைக் கவனிக்காமல் விட்டால் திரையில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிதான் வரும். வசனம் குறைந்த படமென்றால் சில நூறு வரிகள், பேச்சு நிறைந்த படமென்றால் ஆயிரத்தைத் தாண்டும். பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் சில மாலைகளில் முடிந்துவிடும். ஒருவர் மட்டும் கடைசியில் முழுவதையும் படத்தோடு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தமிழில் வரி நீண்டுவிடும், ஆகவே பேசுவதுபோலச் சின்னதாக எழுதுவது அவசியம். மேடைத் தமிழில் எழுதினால் வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்தால் மூலம் சிதையும் என்று சிலர் தயங்குகிறார்கள். பாரசீகமோ ஜப்பானிய மொழியோ தெரிந்தவர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிடைக்காதவரை என்ன செய்வது? உலக இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாகத்தானே நமக்கு வந்தது.

2022-ல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடும் திட்டம் தொடங்கியதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு சங்கம் எழுதும் சப்டைட்டில் பள்ளிகளுக்கும் உதவும், அடுத்த ஊர்ச் சங்கத்துக்கும் உதவும்.

உங்கள் இதழ் இதில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, ஆர்வமுள்ள ஆசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் சங்கங்களோடு இணைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் மூன்று பேர் தயாராக இருக்கிறோம். ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தையே முதலில் எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோவில்பட்டி.