போன் போட்டால் ஓடின மோட்டார் இப்போது ஓடவில்லை: மொபைல் ஸ்டார்ட்டர் புகார்

அனுப்புநர்:
பாக்குத் தோப்பு விவசாயி,
வாழப்பாடி வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மொபைல் ஸ்டார்ட்டர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: போன் அழைப்பில் மோட்டாரை இயக்கும் வசதியை நிறுத்தியது – திரும்பத் தரக் கோருதல்.

ஐயா,

சேலத்தில் உள்ள உங்கள் டீலரிடம் போன வருடம் இந்த ஸ்டார்ட்டரை வாங்கினேன். பில், வாரண்டி அட்டை நகல்கள் இத்துடன் உள்ளன. சிம் போட்ட பெட்டிக்குப் போன் செய்து 1-ஐ அழுத்தினால் மோட்டார் ஓடும், 2-ஐ அழுத்தினால் நிற்கும். கடையில் செய்து காட்டியது அதைத்தான். உங்கள் நோட்டீஸில் தமிழில் அச்சடித்திருப்பதும் அதைத்தான்.

எங்கள் பக்கம் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுச்சாமத்தில் வந்தாலும் எழுந்து, டார்ச்சும் தடியுமாக வரப்பு வழியே போர்வெல் வரைக்கும் நடக்கணும். மழைக்காலத்தில் கட்டுவிரியன் கிடக்கிற வழி அது. உங்கள் பெட்டி வந்த பிறகு அந்த நடை நின்றது. மூன்றில் ஒரு பேஸ் விட்டுப்போனால் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும், காயில் எரியாது. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினால், ஆம்பியர் குறைவதை வைத்துக் கண்டுபிடித்து அணைத்துவிடும். இரவுத் தூக்கம் கிடைத்ததால் விடிந்ததும் பாக்கு உரிக்கிற வேலையை நேரத்தோடு தொடங்க முடிந்தது. நல்ல கருவி என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் நானே சொல்லி வாங்க வைத்தேன்.

சென்ற மாதம் உங்கள் சர்வீஸ் ஆள் வந்து, அப்டேட் என்று சொல்லிப் பெட்டியில் ஏதோ மாற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து போன் செய்தால் ரிங் மட்டும் போகிறது. இனிமேல் ஆப்பில்தான் இயக்க முடியும், அதற்கு வருடச் சந்தா கட்டணும் என்கிறது உங்கள் சேவை மையம். எங்கள் தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. பேசுவதற்கு சிக்னல் உண்டு, இன்டர்நெட் நிலையாகக் கிடைப்பதில்லை. நான் வெளியூர் போனால் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அப்பாதான். அவரிடம் இருப்பது பட்டன் போன். உங்கள் ஆப் முழுக்க ஆங்கிலம்.

சென்ற வாரம் நான் சேலத்தில் தங்கியிருந்தபோது ராத்திரியில் கரண்ட் வந்துவிட்டதாக அப்பா போன் செய்தார். ஆப்பைத் திறந்தால் கருவி இணைப்பில் இல்லை என்றே காட்டியது. எழுபதைத் தாண்டியவர், தானே புறப்பட்டுப் போயிருக்கிறார். ஈர வரப்பில் வழுக்கி முழங்கால் தோல் உரிந்துவிட்டது. அந்தக் காலோடு போய் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்பியிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்க்க அது உதவும். வேண்டியவர் சந்தா கட்டட்டும். விற்கும்போது காசு வாங்கிக்கொண்டு கொடுத்த வசதியைப் பிடுங்கி, அதற்கே மறுபடி காசு கேட்பது நியாயமில்லை.

ஆகவே 15 நாளுக்குள் ஆள் அனுப்பி, போன் அழைப்பில் இயங்கும்படி கட்டணமின்றிச் சரிசெய்து தாருங்கள். அது முடியாதென்றால் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத்தொகையையும் கொடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் சேலம் மாவட்டத்திலேயே ஆணையத்தில் வழக்குத் தொடுக்கவும் தயாராக இருக்கிறேன். பதிலைத் தமிழில், எழுத்துமூலம் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்