முதல் நாளே பாஷையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் குடியேறிய நம்மவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். குளிர், ஏஜென்சிக்குக் கட்டிய காசு, ஒரே அறையில் எட்டுப் பேர், இரவு வேலை என்று எழுதியிருப்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என்னைப் போன்றவர்களை எல்லாவற்றையும் விட அதிகமாக வருத்திய ஒரு விஷயம் அதில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. பாஷை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்து வளர்ந்தவள். மகள் பிறந்த சில மாதங்களில், 1989-ல், கணவர் சுவிஸ் போய்விட்டார். 1990-ல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் இரண்டு வயதுப் பிள்ளையோடு நானும் போய்ச் சேர்ந்தேன். அவர் பேர்ண் நகருக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் சுவிஸ் சமையலறைகளில் நம்முடைய பெடியன்கள்தான் நிறைய. சட்டி கழுவுகிறவரும் தமிழ், மரக்கறி வெட்டுகிறவரும் தமிழ். டொச்சில், அதாவது ஜேர்மன் பாஷையில், பத்துச் சொல் தெரிந்தால் வேலை ஓடிவிடும். நான் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போனேன். ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும், அதனால் எனக்கு அந்தப் பத்துச் சொல்லும் தேவைப்படவில்லை.

பனி பழகிவிடும் ஐயா. இரண்டாவது மாரியிலேயே எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாமல் இருந்தது நாளைக்கு என்ன ஆகும் என்ற யோசனைதான். அகதியாக விண்ணப்பித்தவருக்கு அங்கே முடிவு வரும்வரை 'என்' (N) என்ற அட்டை, பிறகு எங்களைப் போலப் பலருக்கு 'எஃப்' (F). அந்த 'எஃப்' என்பது தற்காலிகமாக இருக்கவிடுவது, வருடா வருடம் நீட்ட வேண்டும். 'பி' (B) அட்டை, பிறகு 'சி' (C) என்று நிரந்தரமாவது வெகு தூரத்தில். 1994-ல் சுவிஸ் அரசாங்கம் இலங்கையோடு உடன்பாடு செய்து, விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப முடிவெடுத்தபோது எத்தனையோ வீடுகளில் சமையல்கூட ஒழுங்காக நடக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் ஊரில் சமாதானப் பேச்சு தொடங்கியதும், சரி, இனி நாங்களாகவே போய்விடலாம் என்று இருந்தோம். 1995 ஏப்ரலில் அதுவும் முறிந்தது.

இப்படி அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே இருந்தோம். நல்ல கட்டில் ஒன்று வாங்கவில்லை. கொண்டு போன சூட்கேசை அலுமாரிக்கு மேலே ஏற்றவும் இல்லை, கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. அங்கே நாங்கள் இருந்த ஊர்ச் சபையில் பெண்களுக்கு டொச் வகுப்பு வைத்தார்கள், பிள்ளையையும் பார்த்துக்கொள்வார்களாம். விட்டுவிட்டுப் போகப்போகிற நாட்டுப் பாஷை எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன்.

எனக்கு முதல் டொச் பாடம் சொல்லித் தந்தவர் மேல் வீட்டுக் கிழவி. அங்கே மாடிக் கட்டடங்களில் எல்லோருக்கும் சேர்த்து நிலக்கீழ் அறையில் ஒரே ஒரு உடுப்புத் தோய்க்கும் மெஷின் இருக்கும். யாருக்கு எந்த நாள் என்று கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாது. இது எதுவும் தெரியாமல் ஒரு ஞாயிறு காலை நான் மெஷினைப் போட்டுவிட்டேன். அந்த அம்மா இறங்கி வந்து கத்தினார். நான் ஈரக் கையோடு நின்று அழுதேன். அவர் நிறுத்திவிட்டு மேலே போய், திரும்பி வரும்போது ஒரு கலண்டரைக் கையில் கொண்டு வந்தார். என் விரலைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாக வைத்து, மோன்டாக், டீன்ஸ்டாக் என்று சொல்லச் சொல்லித் தந்தார். ஏழு நாளும் சொல்லி முடிக்கும் வரை விடவில்லை. அதோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. ஆனால் நிறுத்திவிட்டேன்.

1997-ல் எனக்கு இரண்டாவது பிள்ளை தங்கியிருந்தது. ஐந்தாம் மாதம் சோதனைக்குப் போன அன்று கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வழக்கம்போல மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு எட்டு வயது. வங்கி, தபாற் கந்தோர், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவள்தான் எங்களுக்கு வாய். டாக்டர் திரையைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார், பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். மகள் பேசாமல் இருந்தாள். "என்னம்மா சொல்றார்?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தபடி, "தம்பிக்கு இதயம் துடிக்கல்லயாம் அம்மா" என்றாள்.

அந்தச் செய்தியை ஒரு குழந்தையின் வாயால் கேட்டது ஒரு துக்கம். அதை அவளைச் சொல்ல வைத்தது அதைவிடப் பெரிய துக்கம். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். அந்த நாளைப் பற்றி அவள் முதல் தடவையாக வாய் திறந்தது போன வருடம்தான். நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பல நாள் பயந்தாளாம். சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டிருந்தால், தம்பி உயிரோடுதான் இருப்பான் என்று காத்திருந்தாளாம்.

அந்த வருடமே வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு மாலை. புத்தகத்தில் படிப்பது ஒரு டொச், கடையில் கதைப்பது இன்னொன்று. மற்ற நாட்டுக்காரர் இதற்குத் திணறினார்கள். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று வளர்ந்த நமக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை. ஒன்றரை வருடத்தில் தனியாக டாக்டரிடம் போனேன். அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்தின் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி. ஒரு முதியோர் இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, கதை கேட்கும் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம்தான் கூடியது. ஆனால் காலையில் போனதும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். நான் அந்த நாட்டில் வாழத் தொடங்கியதை அந்த நாளிலிருந்துதான் கணக்கு வைத்திருக்கிறேன். 2006-ல் குடியுரிமைக்கு ஊர்ச் சபையில் நேர்முகம் வைத்தார்கள். ஏழு அமைச்சர்களின் பெயரையும் கேட்டார்கள், சொன்னேன். மகள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளே வரத் தேவையிருக்கவில்லை.

வேலை முடித்து ஊரோடு வந்த பிறகு இங்கே பார்க்கிறேன், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒழுங்கைக்கு ஒருவராவது போக ஆயத்தமாக இருக்கிறார்கள். என்னிடம் வருகிற பிள்ளைகள் "அன்ரி, சம்பளம் எவ்வளவு? கார்ட் எத்தனை வருடத்தில் கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். பாஷையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சட்டமும் முன்பு போல இல்லை. சுவிஸில் 2018 முதல் குடியுரிமை கேட்பவர் பாஷைப் பரீட்சைத் தரங்களில் குறைந்தது பேச்சில் பி1 (நடுத்தரம்), எழுத்தில் ஏ2 (அடிப்படை) காட்ட வேண்டும். போவது பிரான்ஸோ நோர்வேயோ, எந்த நாடானாலும் சரி, ஏஜென்சிக்காரரோடு பேசும் அந்த மாதங்களிலேயே அந்த நாட்டுப் பாஷையைத் தொடங்குங்கள். திரும்பி வருகிற எண்ணம் இருந்தாலும் படியுங்கள். முக்கியமாகப் பெண்கள் படியுங்கள். வீட்டில் அடைந்து கிடந்து, பிள்ளையை வாயாக வைத்துக்கொள்ளும் நிலை நமக்குத்தான் முதலில் வரும்.

உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். 80-களில் போனவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் ஊருக்கு வரும்போது வீடு எத்தனை அறை என்று கேட்காமல், முதல் பத்து வருடம் எப்படிப் போனது என்று கேட்டு எழுதுங்கள். அவர்களின் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் ஒரு மாதமாகப் பின்னேரம் ஐந்து மணிக்குக் கொப்பியோடு வருகிறார். மனைவியையும் கூட்டி வந்தால்தான் சொல்லித் தருவேன் என்று சொன்னேன். நேற்று இருவரும் வந்தார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.